பத்திரம் எழுதும் மாமாவின் லேப்டாப்: விண்டோஸ் 10 முடிந்தபோது எடுத்த முடிவு

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது குடியாத்தத்திலிருந்து மாமா போன் செய்தார். "ஏம்ப்பா, பதினாலாம் தேதிக்கு மேல இந்த லேப்டாப் ஓடாதாமே? இன்னா பண்றது?"

"ஓடும் மாமா, ஒண்ணும் ஆவாது. பண்டிகை முடியட்டும், வந்து பார்க்கிறேன்" என்றேன். அந்தப் பதில் பாதிதான் சரி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்து வந்த இலவச ஆதரவு முடிந்தது. அதற்காக மறுநாள் காலையில் கணினி அணைந்துபோகாது. அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அடைப்பு வராது, அவ்வளவுதான். மாமாவின் லேப்டாப் நிற்கப்போவது வேறு காரணத்தால் என்பது எனக்கும் அன்று தெரியாது.

மாமா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு அறை, ஒரு மேசை, சுவரோரம் ஒரு பீரோ. அந்தக் காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். நான் வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டோடு சேர்த்து லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். அக்டோபர் கடைசியில் தினம் இரண்டு பேராவது இதே கேள்வியோடு வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். மாமாவுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆனது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

என்ன மெஷின், என்ன வேலை

2014-இல் மாமா மகன் காலேஜ் சேரும்போது வாங்கிய லேப்டாப். இன்டெல் கோர் ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது விண்டோஸ் 8.1. விண்டோஸ் 10 வந்த முதல் வருடம், அதாவது 2016 ஜூலை 29 வரை, 7-இலிருந்தும் 8.1-இலிருந்தும் இலவசமாக ஏறிக்கொள்ளலாம் என்று இருந்தது. அந்தச் சமயத்தில் பையன் ஏற்றிவிட்டான். பிறகு அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போக, லேப்டாப் அப்பாவிடம் வந்து சேர்ந்தது. பேட்டரி செத்து நான்கு வருடம் ஆகிறது. வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும்.

பையன் போனில் சொன்னது ஒரே வார்த்தை: "புதுசு வாங்கிடலாம்." 45,000 ரூபாய் தானே போடுவதாகவும் சொன்னான். வேலூர் கடைத்தெருவில் ஒருவர், 500 ரூபாய் கொடுத்தால் விண்டோஸ் 11 ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை. "இதுல தான்ப்பா எல்லாம் இருக்கு" என்றார்.

எல்லாம் என்றால் என்ன என்று உட்கார்ந்து பார்த்தேன். வேர்டு 2007. அதில் பதினோரு வருடத்துக் கிரயப் பத்திரங்கள், தான செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம், அடமானம் எல்லாம் பாமினி எழுத்துருவில். ஒரு கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர், லேப்டாப்பைவிட வயது அதிகம். பதிவுத் துறை இணையதளத்தில் விவரம் ஏற்ற ஒரு பிரவுசர். வேறு எதுவும் கிடையாது.

பாமினி பழக்கம் இல்லாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் வருவதற்கு முன் வந்த எழுத்துரு அது. திரையில் தமிழ் தெரியும், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளி உட்கார்ந்திருப்பது அந்த அரைப்புள்ளி இருக்கும் இடத்தில்தான். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் பத்திரத்தைத் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கிலக் குப்பை. 2010-இலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, மாமாவின் விரல்களுக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பழைய தட்டச்சு முறையில் ஓடும் விரல்கள் அவை, விசைப்பலகையைப் பார்க்கவே மாட்டார்.

முதல் ஞாயிறு

அக்டோபர் 26. காட்பாடி வழியாக பஸ் பிடித்துப் போனேன். லேப்டாப்பை ஆன் செய்துவிட்டு டீக்கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தோம். அப்போதுதான் டெஸ்க்டாப் வந்துகொண்டிருந்தது. மாமாவின் காலை வழக்கமே அதுதானாம்: ஆன் செய், டீ, வெற்றிலை, அப்புறம் வேர்டு.

மெஷினின் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றது. இறங்கவே இல்லை. இதைப் பார்த்துத்தான் பலர் 'விண்டோஸ் பழசாகிவிட்டது' என்று முடிவு கட்டுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் சின்ன மென்பொருள் ஒன்றை பென் டிரைவில் எப்போதும் வைத்திருப்பேன். ஓட்டினேன். மஞ்சள் விளக்கு. கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக டிஸ்க் தன் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொடுத்த இடங்களின் எண்ணிக்கை ஏறியிருந்தது, படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்களும் இருந்தன. கட்டட வேலைக்காரர் பாஷையில் சொன்னால், சுவர் ஊறியிருக்கிறது.

இந்த நேரத்தில் இதன் மேல் எந்தப் புதிய விண்டோஸை ஏற்றினாலும், ஏற்றும்போதே டிஸ்க் படுத்துவிடலாம். பேட்டரியும் இல்லாத மெஷின். பாதியில் கரண்ட் போனால் கதை முடிந்தது. மாமா கேட்டது 'பதினொன்றுக்குப் போகலாமா' என்று. நான் முதலில் கேட்க வேண்டியது 'கோப்புகளுக்குக் காப்பி எங்கே' என்று. கேட்டேன்.

"காப்பின்னா? அதான் பத்திரம் பதிவாகி ஆபீஸ்ல இருக்குதே."

சரிதான். பதிவான பத்திரம் அரசாங்கத்திடம் இருக்கிறது. மாமாவுக்கு வேண்டியது அந்தக் கோப்பு. ஒரே தெருவில் அடுத்த மனை விற்கும்போது பழைய பத்திரத்தைத் திறந்து, பெயரையும் சர்வே எண்ணையும் நான்கு எல்லையையும் மாற்றி ஒரு மணி நேரத்தில் முடிப்பார். அது போனால் அவருடைய வேகம் போச்சு.

அன்று வேறு எதையும் தொடவில்லை. வெளி டிஸ்க்கில் பத்திரக் கோப்புகளையும் எழுத்துருக்களையும் மட்டும் நகல் எடுத்தேன். இரண்டு கோப்புகள் வரவே மாட்டேன் என்றன. ஒன்று 2016-இல் எழுதிய ஒரு கிரயப் பத்திரம். இன்னொன்று ஒரு கல்யாண வீடியோ, யாருடையது என்று மாமாவுக்கே தெரியவில்லை. ஐப்பசி முகூர்த்த நாட்கள் வேறு வரிசையாக இருந்தன. முகூர்த்த நாளில் பதிவு அலுவலகத்தில் கூட்டம் அலைமோதும், கூடுதல் டோக்கன் கூடக் கொடுப்பார்கள். அந்த வாரம் மெஷினை என்னிடம் தர முடியாது என்று மாமா சொன்னது நியாயம். தினமும் சாயங்காலம் வெளி டிஸ்க்கில் அன்றைய கோப்பைப் போட்டுவிட்டு மூடச் சொல்லிவிட்டு வந்தேன்.

வாரம் முழுக்க யோசித்தது

விண்டோஸ் 11 முதலில். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், ஆன் ஆகும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். நான்காம் தலைமுறை எந்த வழியிலும் தேறாது. ஆனால் அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றும் வழிகள் உண்டு, கடைத்தெருக்காரர் சொன்ன 500 ரூபாய் வேலையும் அதுதான். ஏறும், ஓடவும் செய்யும். பிரச்சினை பிறகுதான். ஆதரவில்லாத மெஷினுக்கு அப்டேட் வந்தே தீரும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை, வருடாவருடம் வரும் பெரிய பதிப்பை மறுபடி கையால் ஏற்ற வேண்டும். அப்டேட்டுக்காகத்தான் மேலே ஏறுகிறோம், அதே அப்டேட்டுக்காக வருடம் ஒருமுறை என்னைக் குடியாத்தத்துக்கு வரச்சொன்னால் அது என்ன ஏற்றம்?

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பான எஸ்எஸ்டி ஒன்று, 240 ஜிபி, என்னிடம் சும்மா கிடந்தது. அதில், அதே தலைமுறை வாடிக்கையாளர் லேப்டாப் ஒன்றில் அனுமதி கேட்டுப் போட்டுப் பார்த்தேன். விண்டோஸ் 11 ஓடியது. ஆனால் புதிதாக ஏற்றினால் வேர்டு 2007-ஐயும் புதிதாக ஏற்ற வேண்டும். மாமாவிடம் சிடி இல்லை, அட்டையில் இருந்த கீ தேய்ந்து பாதி எழுத்து காணோம்.

அடுத்தது லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம். இதற்குத்தான் நான் ஆசைப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். இலவச லேப்டாப் திட்டத்தில் 2011-இலிருந்து கொடுத்த மெஷின்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. அந்த லேப்டாப்களைப் பழுது பார்த்துத்தான் நான் இந்தத் தொழிலையே கற்றுக்கொண்டேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு, நான்காம் தலைமுறை ஐ3 அதற்குத் தாராளம். பழைய தட்டச்சு முறையில் தமிழ் அடிக்கவும் அதில் வழி இருக்கிறது. மாமாவின் விரலுக்குக் கஷ்டமில்லை.

அதே எஸ்எஸ்டியில் மின்ட் போட்டு, பாமினியை ஏற்றி, வேர்டுக்குப் பதிலாக அதில் இருக்கும் லிப்ரே ஆபீஸில் ஒரு கிரயப் பத்திரத்தைத் திறந்தேன். எழுத்து அழகாக வந்தது. ஆறு பக்கம் ஏழு பக்கம் ஆகியிருந்தது.

சாதாரண ஆளுக்கு இது ஒரு விஷயமே கிடையாது. பத்திர எழுத்தருக்கு இதுதான் விஷயம். முன்பக்கங்கள் முத்திரைத்தாளில் அச்சாகின்றன. 5,000, 10,000 ரூபாய்த் தாள்களும் வரும். தாளின் மேல்பகுதியில் முத்திரை இருக்கும், எழுத்து அதற்குக் கீழேதான் தொடங்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. மொத்தம் எத்தனை பக்கம் என்ற கணக்கு. சொத்து விவரம் என்ற தலைப்பு ஒரு பக்கத்தின் அடியில் தனியாகத் தொங்கிக்கொண்டு, நான்கு எல்லை அடுத்த பக்கத்துக்குப் போனால் மாமா அந்தத் தாளைத் தொடக்கூட மாட்டார். இத்தனை வருடத்தில் ஒவ்வொரு வகைப் பத்திரத்துக்கும் மார்ஜினை அரைக்கால் அங்குலமாக நகர்த்தி நகர்த்தி ஒரு கணக்குக்குக் கொண்டுவந்திருக்கிறார். வேர்டு வரியை எங்கே உடைக்கிறது என்பதில் எழுத்துருவுக்குப் பங்கு உண்டு, பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கும் பங்கு உண்டு. மூன்றில் எதை மாற்றினாலும் அந்தக் கணக்கு ஆடும்.

பிரிண்டர் இன்னொரு தலைவலி. அந்தக் கால விலை குறைந்த லேசர் பிரிண்டர்களில் பல, பக்கத்தைத் தாமாக உருவாக்காது. கணினியில் இருக்கும் டிரைவர்தான் பக்கத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து அனுப்பும், பிரிண்டர் அதைத் தாளில் சுடும். டிரைவர் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. மாமா வைத்திருப்பதும் அந்த ரகம்தான். லினக்ஸில் அதற்கு ஒழுங்கான டிரைவர் எனக்குக் கிடைக்கவில்லை. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்ப வந்துவிட்டது. இந்த டிரைவர் வருவதாகத் தெரியவில்லை.

புது லேப்டாப் வாங்கினாலும் இதே கதைதான். வேர்டு புதுசு, டிரைவர் சந்தேகம், மார்ஜின் மறுபடி முதலிலிருந்து. பையனின் 45,000 ரூபாயில் இது எதுவும் தீராது. ஆனால் ஒருநாள் அதைச் செய்துதான் ஆக வேண்டும் என்பதும் உண்மை. முகூர்த்த மாதத்தின் நடுவில் செய்ய வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

மிச்சம் இரண்டு. ஒன்று, விண்டோஸ் 10-லேயே அப்டேட் இல்லாமல் இருந்துவிடுவது. இணையம் இல்லாத மெஷின் என்றால் நானே சரி என்றிருப்பேன். மாமாவின் டெஸ்க்டாப்பில் ஊராருடைய ஆதார், பான், பட்டா ஸ்கேன்கள் கிடந்தன. வருகிறவர் எல்லாம் தன் பென் டிரைவைச் செருகுகிறார். நான் இருந்த அரை நாளிலேயே ஒரு பென் டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் வந்தது. இந்த மெஷினை அடைப்பு இல்லாமல் விடக்கூடாது.

மற்றொன்று, கூடுதல் ஒரு வருடப் பாதுகாப்பு அப்டேட். வீட்டு உபயோக விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை இதைக் கொடுப்பதாக மைக்ரோசாஃப்ட் அப்போது அறிவித்திருந்தது. 30 டாலர் கட்டலாம், அல்லது அவர்களுடைய ரிவார்ட்ஸ் புள்ளி 1,000 கொடுக்கலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அதில் சேமிக்க ஒத்துக்கொண்டால் காசில்லை. புதிய வசதி எதுவும் வராது, ஓட்டை அடைப்பு மட்டும் வரும். மாமாவுக்கு வேண்டியதும் அது மட்டும்தான். ஒரு நிபந்தனை: 22எச்2 என்ற கடைசிப் பதிப்பில் இருக்க வேண்டும். மாமாவின் மெஷின் அதற்கு இரண்டு பதிப்பு பின்னால் நின்றது. டேட்டா தீர்கிறது என்று பையன் எப்போதோ அப்டேட்டை நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

ஆக, முடிவு இப்படி வந்தது: விண்டோஸ் அதேதான், டிஸ்க் மட்டும் மாறும், ஒரு வருடம் வாங்கிக்கொள்கிறோம்.

இரண்டாம் ஞாயிறு

சனிக்கிழமை சாயங்காலமே லேப்டாப் சத்துவாச்சாரிக்கு வந்துவிட்டது. புதிதாக ஏற்றாமல், இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுப்பது என்று திட்டம். அப்படிச் செய்தால்தான் வேர்டும் டிரைவரும் மார்ஜினும் அலுங்காமல் வரும்.

இதில் ஒரு சின்ன சூட்சுமம். 480 ஜிபி எஸ்எஸ்டி மலிவு, கை அதற்குத்தான் போகும். ஆனால் 500 ஜிபி டிஸ்க்கை முழுசாக நகலெடுக்க 480 பத்தாது. டிஸ்க்கில் பிரித்து வைத்திருக்கும் பகுதியை, அதாவது பார்ட்டிஷனை, சுருக்கலாம், ஆனால் ஊறிய சுவரில் ஆணி அடிக்கும் வேலை அது. 512 ஜிபி வாங்கினேன், மூவாயிரத்துச் சொச்சம். ரேமும் ஒன்று, பழைய மெஷினிலிருந்து கழற்றியது, 4 ஜிபி. இந்தத் தலைமுறை லேப்டாப்புக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் டிடிஆர்3-ஐச் செருகிவிட்டு 'போர்டு போச்சு' என்று கொண்டுவந்தவர்கள் உண்டு.

நகலெடுக்க டிடி-ரெஸ்க்யூ. லினக்ஸ் பென் டிரைவிலிருந்து ஓடும் கருவி. சுலபமாகப் படிக்க வருகிற இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கும், அப்புறம் திரும்பத் திரும்ப முயலும். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு இதைவிடப் பொறுமையான வைத்தியர் கிடையாது. மாமாவின் மேசைக்கு லினக்ஸைக் கொண்டுபோக முடியவில்லை என்ற வருத்தம் எனக்கு இதில் கொஞ்சம் தீர்ந்தது. ராத்திரி எட்டு மணிக்குப் போட்டது, விடியற்காலையில்தான் முடிந்தது. சில கிலோபைட்டுகள் வரவில்லை.

அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபேனைக் கழற்றினேன். மாமா அறைக்குப் பக்கத்து வீட்டில் லுங்கித் தறி. காற்று போகும் வழியில் பஞ்சுத்தூசி ஒரு சின்ன மெத்தையாகப் படிந்திருந்தது. உரித்து எடுத்தால் ஒரே துண்டாக வந்தது. சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்றி மூடினேன். எங்கள் ஊர் சித்திரை வெயிலுக்கு இது தாங்கியதே பெரிய விஷயம்.

புது எஸ்எஸ்டியில் முதல் தடவை ஆன் செய்தபோது அரை நிமிடத்துக்குள் டெஸ்க்டாப். டிஸ்க்கைச் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டிவிட்டு, யுபிஎஸ்ஸில் போட்டு 22எச்2-க்கு ஏற்றினேன். அந்த இன்ச் இன்ச்சான வேலையில் சொல்ல ஒன்றும் இல்லை. மாமாவின் ஜிமெயிலை வைத்தே மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று தொடங்கி, அப்டேட் பக்கத்தில் வந்த அழைப்பில் சேர்த்தேன். அங்கே ஒரு இடத்தில் கவனம் வேண்டியிருந்தது. அமைப்புகளைச் சேமிக்கிறேன் என்று தொடங்கி, டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் ஃபோல்டர்களையும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குக் கொண்டுபோகவா என்று கேட்கும். ஊராருடைய ஆதார் நகல் எல்லாம் மேலே போய்விடும், இலவச இடமும் 5 ஜிபிதான். ஃபோல்டர்களை அணைத்துவிட்டு அமைப்புகளை மட்டும் விட்டேன். பென் டிரைவ் செருகியதும் தானாகத் திறக்கும் வசதியையும் நிறுத்தினேன். ஆதார், பான் ஸ்கேன்களைப் பதிவு முடிந்ததும் அழித்துவிட மாமா ஒத்துக்கொண்டார். செய்கிறாரா என்று பொங்கலுக்குப் போகும்போது பார்க்க வேண்டும்.

நான் தவறவிட்டது ஒன்று உண்டு. 22எச்2 ஏறியபோது விண்டோஸ் தன் பாட்டுக்கு டீஃபால்ட் பிரிண்டரை மாற்றிவிட்டது. நான் சோதித்த பத்திரம் என் வீட்டு பிரிண்டரில் வேறு மாதிரி உடைந்து, ஒரு வரி கீழே இறங்கியிருந்தது. பத்து நிமிடம் உயிர் போய் உயிர் வந்தது. டீஃபால்ட்டை விண்டோஸ் தீர்மானிக்கும் அமைப்பை அணைத்து, மாமாவின் பழைய பிரிண்டரையே வைத்ததும் வரி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது.

மதியம் குடியாத்தத்தில் கொண்டுபோய் வைத்தேன். மாமா ஆன் செய்துவிட்டு வழக்கம்போல டீக்கு எழுந்தார். செருப்பைப் போடுவதற்குள் டெஸ்க்டாப் வந்துவிட்டது. "இன்னாடா இது, ஒக்காரக் கூட வுடல" என்றார். அதற்கெல்லாம் அவர் மயங்குகிற ஆளில்லை. செப்டம்பரில் எழுதிய ஒரு செட்டில்மென்ட் பத்திரத்தைத் திறந்து, லீகல் சைஸ் வெள்ளைத்தாளில் முதல் பக்கத்தை அச்சடித்தார். பீரோவிலிருந்து அதே பத்திரத்தின் பழைய நகலை எடுத்து, புதிய தாளை அதன் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேல் வரியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே இறங்கினார். கடைசி வரிக்கு வந்ததும் தாளை இறக்கினார்.

"சரி. அடுத்த வருஷம் இந்நேரத்துக்கு?"

"புது லேப்டாப் மாமா. தைக்கு மேல ஒவ்வொரு வகைப் பத்திரமா யூனிகோட்ல மாத்தலாம். வாரத்துக்கு ஒண்ணு. தட்டச்சு முறை அதேதான், உங்க விரலுக்கு ஒண்ணும் தெரியாது. அச்சடிச்சு இதே மாதிரி ஜன்னல்ல வச்சுப் பாருங்க. எல்லாம் ஒத்துப்போன பிறகு வாங்கலாம்."

தலையை ஆட்டினார். பணம் வாங்க மாட்டேன் என்றதற்கு, பொருள் விலையை மட்டுமாவது வாங்கிக்கொள் என்று அத்தை சட்டைப் பையில் திணித்தார். கிளம்பும்போது மாமா கூப்பிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டார். அது இனி எதற்கும் ஆகாது என்றேன். காதில் வாங்கவே இல்லை. ஒரு பழுப்புக் கவரில் போட்டு, மேலே தேதியை எழுதி, பீரோவில் தாய்ப் பத்திரங்கள் இருக்கும் தட்டில் வைத்துப் பூட்டினார்.